ஒன்பதாவது சில்லு: வீட்டுக் கணினியின் நினைவுத் தடுமாற்றம் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு



பெற்றோர் சந்திப்பு நாள்களில் பிள்ளையின் தேர்ச்சியைப் பற்றிப் பேசி முடித்தபின், எழுந்து செல்லும் நேரத்தில் சிலர் தயங்கி நின்று வேறொரு குறையைச் சொல்வதுண்டு. "பையன் ஆசைப்பட்டான் என்று விளையாட்டுக் கணினி வாங்கிக் கொடுத்தோம், டீச்சர். அரை மணி நேரம் விளையாடினால் போதும், நீலத்திரை வந்து நின்றுவிடுகிறது. ஓயாமல் விளையாடியே கணினியைக் கெடுத்துவிட்டான்." தமிழாசிரியரிடம் சொல்லவேண்டிய குறையா இது என்று நீங்கள் நினைக்கலாம். வீட்டில் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையே மூண்ட சச்சரவு வகுப்பறைக்கும் வந்து சேர்வதால், இதுவும் நம் காதுக்கு வரத்தான் செய்கிறது.

கணினி விளையாட்டுகளின்மீது எனக்குத் தனிப்பட்ட பற்று எதுவும் இல்லை. ஆயினும் செய்யாத குற்றத்திற்கு ஒருவரைத் தண்டிப்பது முறையன்று. இத்தகைய தடுமாற்றங்கள் பலவற்றுக்குக் காரணம் கணினியின் நினைவகமே ஆகும். அதாவது, கடைவழக்கில் 'ராம்' என்று சொல்லப்படும் அந்தச் சிறு தகடுகள். மழை பெய்யும்போதுதான் கூரையின் ஓட்டை தெரிகிறது. அதற்காக மழைதான் ஓட்டையைச் செய்தது என்று சொல்வோமா? விளையாட்டு நினைவகத்தின் பெரும்பகுதியை நிரப்பி, பெட்டிக்குள் வெப்பத்தையும் ஏற்றிவிடுகிறது. ஆகவே, கட்டுரை தட்டச்சு செய்யும்போது மறைந்திருந்த குறை அப்போது வெளிப்படுகிறது.

கோளாறு நினைவகத்தில் இருந்தால் அதைக் கணினியே ஏன் நமக்குச் சொல்வதில்லை? இது நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சொல்லும் உறுப்பைச் செலவு கருதி எடுத்துவிட்டார்கள். அந்த வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறேன். அதில் ஒரு பகுதி, தேக்காவிலிருந்து நடந்து சென்று அடையக்கூடிய தூரத்தில் நிகழ்ந்தது.

முதலில் நினைவகம் என்பது யாதெனப் பார்ப்போம். ஐபிஎம் நிறுவனத்தின் பொறியாளர் இராபர்ட் டெனார்டு 1966ஆம் ஆண்டில் ஒரு டிரான்சிஸ்டரையும் ஒரு சிறு மின்தேக்கியையும் மட்டும் கொண்டு ஒரு பிட் தகவலைச் சேமிக்கும் வழியைக் கண்டறிந்தார். 1968இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைய கணினிகளின் நினைவகமும் அதே கருத்தில்தான் இயங்குகிறது. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லையென்றால் 0. ஆனால், அது ஓட்டைக் குடம். ஊற்றிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகையால், ஒவ்வோர் அறையையும் சில பத்து மில்லிவினாடிகளுக்கு ஒருமுறை படித்து, மீண்டும் நிரப்பவேண்டியுள்ளது. சூடு ஏறினால் கசிவும் ஏறும். சில்லின் வெப்பநிலை 85 பாகையைக் கடந்தால் இருமடங்கு அடிக்கடி நிரப்பவேண்டும் என்பது பொது வரையறை. 16 கிகாபைட் நினைவகத்தில் இத்தகைய அறைகள் 137 பில்லியனுக்கும் மேல் (13,700 கோடிக்கும் மேல்) உள்ளன. இவற்றுள் ஒன்றே ஒன்று தவறினால் என்ன ஆகும்?

தமிழாசிரியர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று தருகிறேன். ஒருங்குறியில் 'ல' என்னும் எழுத்தின் எண் 2994, 'ள' 2995. 'ர' 2992, 'ற' 2993. 'ந' 2984, 'ன' 2985. கணினி இவற்றை 0, 1 ஆகிய இரண்டையும் கொண்டு எழுதும்போது, ஒவ்வோர் இணையிலும் கடைசி இலக்கம் மட்டுமே மாறுபடும். ஆக, ஒரே ஒரு பிட் புரண்டால் 'கலை' என்பது 'களை' ஆகிவிடும். 'அரம்' 'அறம்' ஆகிவிடும். நாம் ஆண்டுதோறும் சிவப்பு மையால் வட்டமிடும் அதே பிழைகள்! 'ப' (2986), 'ம' (2990) ஆகியவற்றுக்கும் இடையே ஒரு பிட்தான் வேறுபாடு. 'பணம்' 'மணம்' ஆவதற்கு ஒரு மின்தேக்கி தவறினால் போதும்.

விளையாட்டில் இத்தகைய பிழை நேர்ந்தால் ஒரு படம் சிதைந்து தோன்றலாம். அல்லது நிரல் போகக்கூடாத இடத்திற்குத் தாவி, கணினியே நின்றுவிடலாம். நின்றுவிடுவது நல்லதென்றே சொல்வேன். ஏனெனில், நிற்காமல் தொடர்ந்து இயங்கி, பிழையான எழுத்தை அப்படியே வட்டில் சேமித்துவிடுவதுதான் பெரிய இழப்பு. பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் 2003 மே 18இல் நடந்த தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாகக் கிடைத்திருந்தன. பெறக்கூடிய அளவைவிட அதிகமாக அவர் பெற்றிருந்ததால்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. 4096 என்பது 2ஐப் பன்னிரண்டு முறை பெருக்கிவரும் எண். அதாவது, ஒரே ஒரு பிட்டின் மதிப்பு. நிரலில் பிழை எதுவும் காணப்படாததால், நினைவகத்தில் ஒரு பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்று ஆய்வு செய்தவர்கள் கருதினர்.

இத்தகைய பிழைகளைக் கண்டறியும் கலை, டெனார்டின் கண்டுபிடிப்புக்கும் முற்பட்டது. பிள்ளைகளைக் கற்றல் பயணத்துக்கு அழைத்துச் செல்லும்போது இருவர் இருவராகக் கைகோத்து நிற்கச் சொல்கிறோம் அல்லவா? யாரேனும் ஒருவர் தனித்து நின்றால், ஒரு பிள்ளையைக் காணோம் என்று உடனே தெரிந்துவிடும். 'பாரிட்டி' எனப்படும் சரிபார்ப்பு முறையும் இத்தகையதே. எட்டு பிட்டுகளுடன் ஒன்பதாவதாக ஒரு பிட் சேர்க்கப்படுகிறது. ஒன்பதிலும் உள்ள 1களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கவேண்டுமா, இரட்டைப்படையாக இருக்கவேண்டுமா என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். படிக்கும்போது அது மாறியிருந்தால், எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது என்று பொருள். எந்தப் பிட் என்பது தெரியாது. இரண்டு பிட்டுகள் ஒருசேரப் புரண்டால், பிழை நேர்ந்ததே தெரியாது (இரண்டு பிள்ளைகள் சேர்ந்தே காணாமற்போனால் இணைகள் சரியாகத்தான் இருக்கும்!).

பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய இரிச்சர்டு ஹேமிங் வார இறுதியில் தம் கணக்குகளை இயந்திரத்தில் ஏற்றிவிட்டுச் செல்வார். திங்கட்கிழமை வந்து பார்த்தால், பிழை கண்ட இயந்திரம் அவருடைய கணக்கைப் பாதியில் கைவிட்டிருக்கும். பிழை உண்டென்று அறிந்துகொள்ள முடிந்த இயந்திரத்தால் அது எங்கே உள்ளதென அறிந்து திருத்தவும் ஏன் முடியவில்லை என்று அவர் சினந்ததன் விளைவே 1950இல் வெளிவந்த பிழைதிருத்தும் குறிமுறை. இன்றைய பெரிய சேவையகங்களில் 'ஈசிசி' என்று வழங்கும் நினைவகம் அந்தக் குறிமுறையின் வழிவந்தது.

1981இல் ஐபிஎம் தன் முதல் தனியாள் கணினியை வெளியிட்டபோது, எட்டுச் சில்லுகள் போதுமான இடத்தில் ஒன்பது சில்லுகளை வைத்தது. ஒன்பதாவது, காவலுக்கு. பிழை கண்டவுடன் கணினி, பாரிட்டி பிழை என ஒரு வரியைத் திரையில் காட்டிவிட்டு அசையாமல் நின்றுவிடும். முரட்டுத்தனமான நேர்மை என்றுதான் சொல்லவேண்டும். அவ்வாறு நிற்பதால் வேலை கெட்டது என்று எரிச்சலடைந்தவர்கள் பலர். பொய்யைச் சேமிப்பதைவிட நிற்பது மேல் என்பதே அதன் வடிவமைப்பாளர்களின் எண்ணம்.

அந்த எண்ணத்துக்குத் தக்க காரணமும் இருந்தது. 1978இல் இன்டெல் நிறுவனத்தின் திமத்தி மே, மர்ரே வுட்ஸ் ஆகிய இருவரும் வியப்பான ஒரு செய்தியை வெளியிட்டனர். சில்லுகளைப் பொதிந்து வைத்திருந்த பீங்கான் உறையில் மிக நுண்ணிய அளவில் யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன; அவற்றிலிருந்து வெளிப்பட்ட ஆல்ஃபா துகள்கள் நினைவக அறைகளில் பிட்டுகளைப் புரட்டிவிட்டன. சில்லு கெடவில்லை, அதில் எழுதியிருந்தது மட்டும் மாறிவிட்டது. இவற்றை 'மென்பிழை' என்பர். சில்லே பழுதுபட்டிருந்தால் அது 'வன்பிழை'. வீட்டுக் கணினியைப் பழுதுபார்ப்பவருக்கு இந்த வேறுபாடு முதன்மையானது. மென்பிழை எப்போதோ ஒருமுறை வந்து போகும். ஒவ்வொரு மாலையும் வருவது வன்பிழையாகவோ, தவறான அமைப்பாகவோதான் இருக்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1968ஆம் ஆண்டில் அமெரிக்கச் சில்லு நிறுவனங்கள் சிங்கப்பூருக்கு வரத்தொடங்கின. முதலில் இங்கு நடந்தது சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் பணிதான். நினைவகச் சில்லுகளையே இங்கு வார்க்கும் திட்டம் 1991இல் உருவாயிற்று. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், கெனான், ஹியூலட் பேக்கர்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் நமது பொருளியல் வளர்ச்சிக் கழகமும் கூட்டாகத் தொடங்கிய டெக் செமிகண்டக்டர் என்னும் அந்நிறுவனத்தின் ஆலை உட்லண்ட்ஸில் எழுந்தது. 1998இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் நினைவகத் தொழிலை மைக்ரான் நிறுவனம் வாங்கியபோது அந்தப் பங்கும் கைமாறியது. பின்னாளில் ஆலை முழுவதும் மைக்ரான் வசமாயிற்று. உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் கற்பிக்கும் ஆசிரியர்களின் வகுப்புகளில், நினைவகச் சில்லு ஆலையில் பணிமுறை மாறி மாறி உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள் இருக்கக்கூடும்.

சில்லு வார்ப்பவரிடம் ஒன்றாக இருந்த விலை, வாங்குபவரிடம் வேறொன்றாக இருந்தது. 1993இல் ஜப்பானின் நீஹாமாவில், சில்லு உறைகளுக்கான பிசின் தயாரிக்கும் சுமிட்டோமோ இரசாயன ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தால் உலகெங்கும் நினைவகத்தின் விலை ஏறிற்று. அவ்வேளையில்தான் வீட்டுக் கணினி பரவத்தொடங்கியிருந்தது. ஒன்பது சில்லுகளுக்குப் பதில் எட்டு வைத்தால் ஒன்பதில் ஒரு பங்கு மிச்சம். எட்டுச் சில்லுத் தகடுகள் சந்தையை நிறைத்தன. 1995இல் வெளிவந்து பெருமளவில் விற்பனையான இன்டெல் நிறுவனத்தின் 430எஃப்எக்ஸ் சில்லுத்தொகுதி, பாரிட்டி சரிபார்ப்பையே விட்டுவிட்டது. ஒன்பதாவது சில்லை நீங்கள் விலைகொடுத்து வாங்கினாலும் அதைக் கேட்பதற்கு ஆள் இல்லை என்னும் நிலை.

இதனினும் மோசமானது 'போலிப் பாரிட்டி'. பாரிட்டியைக் கட்டாயமாக எதிர்பார்த்த பழைய கணினிகளுக்கென, ஒன்பதாவது இடத்தில் நினைவகச் சில்லுக்கு மாறாக மலிவான வேறொரு சில்லைப் பொருத்தி விற்றனர். அது எதையும் நினைவில் வைத்திருக்காது. கணினி கேட்கும்போதெல்லாம், எட்டு பிட்டுகளும் அந்த நொடியில் எப்படி இருக்கின்றனவோ அதற்கேற்பக் கணக்கிட்டு, "எல்லாம் சரி" என்று விடையளிக்கும். வருகைப் பதிவேட்டைப் பார்க்காமலே எல்லாரும் வந்திருப்பதாகச் சொல்லும் வகுப்புத் தலைவன் போல! கண்ணால் பார்த்தால் ஒன்பது சில்லுகள் இருக்கும். பல பயனாளர்கள் அதை நம்பியே பல ஆண்டுகள் இருந்தனர்.

1997 ஏப்ரலில் நம் கல்வி அமைச்சு முதல் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை அறிவித்தது. பள்ளிகளில் கணினிக் கூடங்கள் பெருகின. வீட்டிலும் கணினி இருக்கவேண்டும் என்னும் எண்ணம் வேரூன்றிய காலம் அது. அக்காலத்தில் வீட்டுக்கு வந்த கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஒன்பதாவது சில்லு இல்லை.

அவற்றுள் பல ரோச்சோர் கால்வாய்ச் சாலையிலிருந்து வந்தவை. 1987இல் திறக்கப்பட்ட சிம் லிம் ஸ்குவேரை அறியாத சிங்கப்பூரர் குறைவு. சிராங்கூன் சாலையில் பூவும் காய்கறியும் வாங்கிவிட்டு, கால்வாயைக் கடந்தால் கணினிக் கடல். (அருகிலுள்ள சிம் லிம் டவர் வேறு, அது மின்னணு உதிரிப்பாகங்களின் உலகம்.) கடைதோறும் தாளில் அச்சிட்ட விலைப்பட்டியலை நீட்டுவார்கள். நான்கைந்து பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு, மின்படிக்கட்டில் ஏறி இறங்கி, செயலியை ஒரு கடையிலும் ராமை வேறொரு கடையிலும் வாங்கிய தலைமுறை ஒன்று உண்டு. 1998இல் தொடங்கிய ஹார்ட்வேர்ஸோன் இணையத்தளம் அந்தப் பட்டியல்களை இணையத்திலும் ஏற்றியது. 1999 செப்டம்பரில் தைவானில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது நினைவகத்தின் விலை உலகெங்கும் துள்ளியது. நேற்றைய பட்டியல் இன்றைக்கு உதவாது என்னும்படி ஆன நாள்கள் அவை.

உதிரிகளை வாங்கித் தாமே கணினி அமைத்த இளையர்களிடையே இன்னொரு பழக்கமும் பரவியது. 1998இல் வந்த செலரான் 300ஏ என்னும் மலிவான செயலி 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கென விற்கப்பட்டது. ஆனால், பலருடைய கணினிகளில் அது 450இல் ஓடிற்று. விதித்த வேகத்தை மீறி ஓட்டும் இந்தக் கலையில், செயலி தாங்கினாலும் பல வேளைகளில் நினைவகம் தாங்கவில்லை. ஓட்டியவருக்கு அது தெரியும். ஏனெனில், அவரே வேகத்தைக் கூட்டியவர். இன்றைய நிலை அவ்வாறன்று. 2007இல் இன்டெல் அறிமுகப்படுத்திய எக்ஸ்எம்பி, 2022இல் ஏஎம்டி கொண்டுவந்த எக்ஸ்போ ஆகிய இரண்டும், பயாஸ் அமைப்பில் ஒரே ஒரு தேர்வில் நினைவகத்தை மிகைவேகத்துக்கு ஏற்றிவிடுகின்றன. டிடிஆர்5 தகட்டின் பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருக்கும். அவ்வகையில் முதலில் வந்த தகடுகளின் பொது வரையறை வேகம் 4800. மீதி, அந்தத் தகடும் உங்கள் செயலியும் தாய்ப்பலகையும் ஒத்துழைத்தால் கிடைப்பது. பெட்டியில் உள்ள எண்ணை வாக்குறுதி என்றே பெற்றோர் படிக்கின்றனர். அது தவறான புரிதல் என்று அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அவ்வாறு படிக்கும்படிதான் அச்சிடப்பட்டிருக்கிறது.

கணினி தானாகச் சொல்லாததை வற்புறுத்திக் கேட்பதற்கு ஒரு கருவி 1994இல் பிறந்தது. கிறிஸ் பிராடி எழுதிய மெம்டெஸ்ட்86 என்னும் அந்த நிரல், விண்டோஸ் முதலிய எந்த இயங்குதளமும் இல்லாமல் தானே கணினியைத் தொடக்கி, நினைவகம் முழுவதிலும் ஓர் உருவமைப்பை எழுதும். பின்னர் படித்துப் பார்க்கும். அடுத்து அதைத் தலைகீழாக்கி எழுதும். நாம் சொல்வதெழுதல் வைத்து, உடனே திருத்தி, மறுபடியும் வைப்பதைப் போன்றது. நெகிழ்வட்டில் கொண்டுபோன காலம் மாறி, இப்போது யுஎஸ்பி விரலியில் கொண்டுசெல்கின்றனர். 2004இல் அதிலிருந்து மெம்டெஸ்ட்86+ என்னும் கிளை தோன்றியது. 2007இல் பொதுமக்களிடம் வந்த விண்டோஸ் விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் தானும் ஒரு நினைவகச் சோதனையைச் சேர்த்தது. திரையில் ஒரே ஒரு சிவப்பு வரி தோன்றினாலும் அந்த நினைவகத்தையோ அதன் அமைப்பையோ நம்பக்கூடாது; "ஒன்றுதானே" என்று விட்டுவிட இது தேர்வு மதிப்பெண் அன்று. ஆனால், பிழை எதுவும் தோன்றாததால் மட்டும் நினைவகம் நலமாக உள்ளதென்றும் முடிவு செய்ய இயலாது. ஓர் இரவு முழுவதும் ஓடவிடவேண்டும். வரைகலை அட்டை சூடேறாத இச்சோதனையில் தப்பிவிட்டு, விளையாட்டின் வெப்பத்தில் மட்டும் தவறும் தகடுகளும் உண்டு.

அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர்கள் பின்பற்றும் ஒழுங்கு ஒன்று உள்ளது. அது சோதனைக்கூட அறிவியலில் நாம் கற்றுக்கொடுக்கும் ஒழுங்கேதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. முதலில் அறிகுறியைக் கவனிப்பார்கள். ஒரே விளையாட்டில் ஒரே இடத்தில் நின்றால் அந்த விளையாட்டின்மீதே ஐயம் கொள்ளலாம். இன்று ஒரு விளையாட்டிலும் நாளை உலாவியிலும் நின்று, நீலத்திரை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு காரணத்தைக் காட்டினால் நினைவகத்தின்மீது ஐயம் விழுகிறது. பெரிய சுருக்கக் கோப்பை விரிக்கும்போது ஒருமுறை பிழையென்றும் மறுமுறை சரியென்றும் சொன்னால் அந்த ஐயம் வலுப்படுகிறது. அடுத்து எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்துப் பொது வேகத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். அத்துடன் தொல்லை நீங்கினால் தகடு கெடவில்லை, வேகம்தான் மிகை. நான்கு தகடுகள் செருகிய கணினியில் இது அடிக்கடி நிகழ்கிறது. இரண்டு தகடுகள் எட்டும் வேகத்தை நான்கு தகடுகள் எட்டுவது அரிது.

அதன்பிறகும் தொல்லை தொடர்ந்தால், மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டுத் தகடுகளைக் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகுவார்கள். எளிய செயல்தான், ஆயினும் நம் ஈரக்காற்றில் தொடுமுனைகளில் படலம் படிவதால் பலன் தருவதுண்டு. 1990களில் வெள்ளீய முனைகொண்ட தகட்டைத் தங்க முலாமிட்ட செருகுவாயில் பொருத்தியபோது அரிப்பு ஏற்பட்டு, கழற்றி மாட்டினால் சிலகாலம் சரியாகிப் பின்னர் மீண்டும் தொல்லை தந்த கதைகள் ஏராளம். பென்சில் அழிப்பானால் முனையைத் தேய்க்கும் பழக்கம் அக்காலத்தது. இன்றும் சிலர் செய்கின்றனர். அழிப்பானின் துகள் செருகுவாயில் விழும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. இறுதியாக, ஒரே ஒரு தகட்டை ஒரே செருகுவாயில் வைத்துச் சோதனை, பின்னர் அதே செருகுவாயில் அடுத்த தகடு. பிழை தகட்டோடு பயணம் செய்கிறதா, செருகுவாயிலேயே தங்கிவிடுகிறதா என்பதைக் கொண்டு, குற்றம் தகட்டினுடையதா பலகையினுடையதா என்பது தெளிவாகும். இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதற்குப் பொறுமையில்லாமல் ஒவ்வொரு பாகமாக வாங்கி மாற்றி, ஐந்நூறு வெள்ளிவரை செலவழித்தபின்னும் நீலத்திரையையே கண்ட குடும்பங்கள் உண்டு.

"கணினி எப்போதாவது நிற்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளலாம்" என்பாருக்கு இரண்டு ஆய்வுகளைச் சுட்டலாம். கூகல் நிறுவனத்தின் சேவையகங்களில் இரண்டரை ஆண்டுகள் திரட்டிய தரவுகளைக் கொண்டு 2009இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நினைவகத் தகடுகளில் பிழை தென்பட்டதாகக் கூறியது. அதுவரை எண்ணியிருந்ததைவிட இது மிக அதிகம். பெரும்பாலானவை வான்கதிரால் வந்த மென்பிழைகள் அல்ல, வன்பிழைகளே என்பதும் அதன் முடிவு. (வெப்பத்தின் பங்கு அங்கே எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. குளிரூட்டிய தரவு மையமும் பிற்பகலில் சன்னல் மூடிய நம் வீவக அறையும் ஒன்றல்ல என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.) 2011இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஏறத்தாழ ஒரு மில்லியன் வீட்டுக் கணினிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், ஒருமுறை நினைவகப் பிழையால் நின்ற கணினி மறுபடியும் நிற்கும் வாய்ப்புப் பன்மடங்கு உயர்வதைக் கண்டனர். முதல் முறையை விட்டுவிடலாம். இரண்டாம் முறையை விடக்கூடாது என்று நான் இதற்குப் பொருள்கொள்கிறேன்.

வல்லுநர்களும் இதற்கு விலக்கல்லர். லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், பிழைதிருத்தும் நினைவகம் சாதாரணப் பயனாளர்களுக்குக் கிடைக்காமற் செய்ததற்காக 2021 ஜனவரியில் இன்டெல் நிறுவனத்தைக் கடுமையாகச் சாடினார். 2022 அக்டோபரில் அவருடைய மேசைக் கணினியிலேயே நினைவகத் தகடு ஒன்று கெட்டது. வேலை காரணமின்றி இடையில் முறிந்தபோது, புதிதாக வந்த நிரலில்தான் பிழை என்றே அவரும் முதலில் ஐயுற்றார்.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நினைவகத்துக்கு அநீதி இழைத்தவளாவேன். 2023, 2024ஆம் ஆண்டுகளில் இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகளைக் கொண்ட விளையாட்டுக் கணினிகள் பல, "காணொளி நினைவகம் போதவில்லை" என்று அறிவித்து நின்றன. பயனாளர்கள் ராமை மாற்றினர். வரைகலை அட்டையை மாற்றினர். குற்றவாளி செயலி. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் அதைப் படிப்படியாகச் சிதைத்து வந்ததை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்ட்டில் திருத்த நிரலை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே சிதைந்த செயலியை அந்தத் திருத்தம் மீட்காது; மாற்றித்தான் வாங்கவேண்டும். திரையில் 'நினைவகம்' என்ற சொல் வந்ததாலேயே நினைவகத்தின்மேல் பழிபோடுதல் கூடாது. எல்லாத் தகடுகளையும் தனித்தனியே சோதித்தும் தேறிவிட்டால் செயலியையும் மின்வழங்கியையும் பார்க்கவேண்டும்.

ஒன்பதாவது சில்லு திரும்பி வந்ததா? 2020இல் வரையறுக்கப்பட்ட டிடிஆர்5 வகையில், ஒவ்வொரு சில்லும் தனக்குள் நேரும் ஒரு பிட் பிழையைத் தானே திருத்திக்கொள்கிறது. விளம்பரங்களில் இதையே 'ஈசிசி' என்று எழுதி மயக்குகின்றனர். சில்லுக்கும் செயலிக்கும் இடைப்பட்ட வழியில் நேரும் பிழையை அது காணாது. திருத்தியதையும் பொதுவாக நமக்குத் தெரிவிக்காது. முழுமையான ஈசிசி வேண்டுமானால் அதற்கென உள்ள தகடும் அதை ஏற்கும் பலகையும் செயலியும் தேவை. விளையாட்டுக் கணினி விற்பவர்கள் இதைப் பெரும்பாலும் எடுத்துச் சொல்வதில்லை.

தகடு கெட்டது உறுதியானால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பல நிறுவனங்கள் நினைவகத்துக்கு வாழ்நாள் உத்தரவாதம் தருகின்றன. இணையாக வாங்கியிருந்தால் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே திருப்பித் தரவேண்டியிருக்கும். 'லெமன் சட்டம்' என்று வழங்கும் சட்டம் 2012 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நடப்பில் உள்ளது. வாங்கிய ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். அவ்வாறில்லை என்று மெய்ப்பிப்பது கடைக்காரரின் பொறுப்பு. மெம்டெஸ்ட் திரையைப் படமெடுத்து, இரசீதுடன் எடுத்துச் சென்றால் பேச்சு சுருங்கும். இது சிறு தொகையன்று. 2025 ஜனவரியில் மைக்ரான் உட்லண்ட்ஸில் செயற்கை நுண்ணறிவுக்கான உயர்வேக நினைவகத்துக்கெனப் புதிய ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. அதே ஆண்டு டிசம்பரில், க்ருஷியல் என்னும் பெயரில் வீட்டுப் பயனாளர்களுக்கு விற்றுவந்த தகடுகளைக் கைவிடப்போவதாக அறிவித்தது. ஆலைகள் தரவு மையங்களின் பக்கம் திரும்பியதால் அவ்வாண்டின் இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறியது.

புதிய தகடு வந்து விளையாட்டும் நிற்காமல் ஓடத்தொடங்கியதும் பிள்ளை மகிழ்ந்துவிடுவான். பெற்றோருக்கு இன்னும் ஒரு வேலை மீதமிருக்கிறது. பழைய தகடு கெட்டிருந்த மாதங்களில் அந்தக் கணினியில் சேமித்தவை எவையெனப் பட்டியலிடுங்கள்: குடும்பப் படங்கள், வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி செய்த ஒலிப்பதிவுகள், கட்டுரைகள். வெளிவட்டிலோ மேகச் சேமிப்பிலோ அதற்கு முன்பே எடுத்துவைத்த படி இருந்தால் அதனுடன் ஒப்பிடுங்கள். விண்டோஸையும் விளையாட்டுகளையும் மறுபடி நிறுவிவிடலாம். பாட்டியின் குரலை மறுபடி நிறுவ இயலாது. கட்டுரைகளில் 'கலை' இருக்கவேண்டிய இடத்தில் 'களை' இருந்தால், அது பிள்ளையின் பிழையா கணினியின் பிழையா என்பதை அவனுடைய கையெழுத்து ஏட்டை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும்.